செருப்பைக் கழற்ற வைத்த மண்டபம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் நான் ஒரு கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். கட்டடம் வரைகிறவனுக்கு இது ஒரு வகையில் நல்ல குணம். நான் வரைந்த எந்தக் கட்டடத்திலும் யாரும் கழிப்பறையைத் தேடி அலைந்ததில்லை. இதைத் தொழில் திறமை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

என் வயிறு அதிகமாக வேலை பார்த்த காலம் எழுபதுகளின் கடைசி. அப்போது எனக்கு முப்பது ஆகவில்லை. மதுரை டவுனுக்குள் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் சார் பெரிய ஆர்க்கிடெக்ட், நான் சின்ன ஆர்க்கிடெக்ட். டிராயிங் போர்டு இரண்டு, டேபிள் ஃபேன் ஒன்று. அது எப்போதும் சார் பக்கம் பார்த்துத்தான் நிற்கும்.

உசிலம்பட்டி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பொட்டல் வெளியில் ஒரு கல்லூரி. டவுனில் ஜவுளி வியாபாரம் செய்த ஒருவர் தொடங்கியது. அவர்தான் தாளாளர். சில வகுப்பறைகளும் ஆஸ்டலும் முன்பே யாரோ கட்டியவை. மேற்கொண்டு வகுப்பறைகளும் லைப்ரரியும் கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. சார் அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

அந்தக் கல்லூரியில் எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஆஸ்டல் வார்டனாகவும் இருந்தவன் என் நண்பன். பியூசி என்கிற புகுமுக வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சு. எழுமலைப் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் காலனியிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். நான் அக்ரகாரத்துக்கு அடுத்த தெரு. அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. பியூசி வகுப்பில் எல்லாருக்கும் எல்லாரும் மாப்ளதான். வெளியே வந்த பிறகும் அதை விடாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

நான் இடம் பார்க்கப் போன அன்று அவன் என்னைச் சுற்றிக் காட்டினான். வகுப்பறையைக் காட்டவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் என்னை வராந்தாவில் நிற்க வைத்து, அடித்ததும், "இப்பப் பாரு" என்றான்.

பார்த்தேன். அதுவரை ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்கள் வெளியே வந்ததும், முறத்தில் போட்டுப் புடைத்த மாதிரி பிரிந்தார்கள். டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் வாசல் வேப்பமரத்தடிக்கு. பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் சைக்கிள் ஷெட்டுக்கு. பெண்கள் எல்லாரும் ஒரு வெயிட்டிங் ரூமுக்குள். அதன் ஜன்னல் கண்ணாடிக்குப் பாதி வரை பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆஸ்டல் பையன்கள், அதாவது பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள், பம்புசெட் ரூமுக்குப் பின்னால் விழுந்த நிழலுக்கு. அந்த நிழல் ஒரு பாய் அகலம்தான் இருக்கும்.

"உள்ள பக்கத்துல உக்கார வைக்க அட்டெண்டன்ஸ் இருக்கு. வெளிய என்ன இருக்கு? ஒரே ஒரு இடம் போடு மாப்ள. அம்புட்டுப் பயலும் வந்து உக்கார்ற மாதிரி. அதுக்குப் பேருகூட வைக்காத. பேரு வச்சா திறப்பு விழா வைப்பாங்க, திறப்பு விழா வச்சா நாற்காலி போடுவாங்க" என்றான்.

"போட்டுருவோம் மாப்ள" என்றேன், டீ சொல்கிற மாதிரி.

"கட்டடத்தால ஆகுமா?"

"கட்டடத்தால ஆகாதது என்ன இருக்கு?"

இருபத்தொன்பது வயதில் ஒருவன் இப்படித்தான் பேசுவான். என்னைப் பேச விட்டிருக்கக்கூடாது.

அந்தக் காலத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் கான்கிரீட் பெட்டியாக வரைகிற கட்சி. இன்னொன்று, 'நம் மண், நம் மரபு' என்று மேடையேறும் கட்சி. நான் இரண்டாவது கட்சியில் தீவிர உறுப்பினன். சாயங்காலம் ஆனால் டவுனில் உள்ள கோயில் மண்டபங்களுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். புளியோதரை சாப்பிடுகிறவர்கள், கல்யாணம் பேசுகிறவர்கள், தூணில் சாய்ந்து தூங்குகிறவர்கள், குழந்தைக்குப் பேன் பார்க்கிறவர்கள். பத்துப் பேர் உட்காரலாம், பத்தாயிரம் பேரும் உட்காரலாம். இதைவிட நல்ல பொது இடத்தை எவன் வரையப் போகிறான் என்று எனக்குள் மேளம் அடித்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெறுங்காலோடு இருந்தார்கள். அது என் கண்ணில் படவில்லை. எங்கள் அப்பா காலம் வரை அந்த மண்டபங்களுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்த விஷயம் டிராயிங் போர்டு வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறைகளுக்கும் ஆஸ்டலுக்கும் லைப்ரரிக்கும் சரியாக நடுவில் ஒரு திறந்த மண்டபம் வரைந்தேன். மூன்று படி ஏற வேண்டும். நாலு பக்கமும் கல்தூண், தூணுக்கு மேல் கல்பலகைக் கூரை. தூண்களை ஒட்டிச் சுற்றிலும் உட்கார ஒரு கல்மேடை. நடுவில் மட்டும் கூரை இல்லாமல் ஒரு சதுரம், வெளிச்சத்துக்கு. அந்தச் சதுரத்தின் மையத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல். அதன் மேல்தான் நாலு கை வைத்த விளக்குக் கம்பம் நிற்கப் போகிறது. மழைத் தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓட, கல்லின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உருட்டிவிடச் சொன்னேன். கல் தச்சர் வழுவழுவென்று உருட்டிக் கொடுத்தார். தடவிப் பார்த்து நானே மெய்ம்மறந்தேன்.

கல் அந்தப் பக்கத்தில் மலிவு என்பதால் தாளாளர் ஒத்துக்கொண்டார். "நம்ம கலாச்சாரம் தம்பி, நம்ம கலாச்சாரம்" என்று என் முதுகில் தட்டினார்.

மண்டபம் முடிந்தது. விளக்குக் கம்பம் மட்டும் வரவில்லை. அதைக் கப்பலூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லியிருந்தேன். "நாளைக்கு வாங்கண்ணே" என்றார் பட்டறைக்காரர். அவருடைய நாளை எங்கள் காலண்டரில் இல்லாத ஒரு தேதி.

லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று நான் லைப்ரரிப் படியில் நின்று வேடிக்கை பார்த்தேன். டவுன் பையன்கள் இரண்டு பேர் மண்டபத்தை நோக்கி வந்தார்கள். முதல் படிக்கு முன்னால் நின்றார்கள்.

"டேய், செருப்பக் கழட்டுடா."

"எதுக்குடா?"

"தெரியல. கழட்டு."

கழற்றினார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலம் பார்த்தபோது முதல் படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. வேறு வேறு மரத்தடிக்காரர்களின் செருப்புகள் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன என்று அதையும் ஒரு வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்டல் பையன்களும் அன்று வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அன்று ராத்திரி வயிறு அமைதியாக இருந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கல்லில் மஞ்சள் பூசியிருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை குங்குமம், அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழம். பிறகு ஒரு அகல் விளக்கு வந்தது. பிறகு சிவப்புத் துணி. பக்கத்து ஊரிலிருந்து புல் அறுக்க வருகிற பெண்கள் போகிற போக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பரீட்சை எழுதப் போகிற பையன்கள் சுற்றி வந்தார்கள். கம்பம் இல்லாமல் நின்ற என் விளக்குக் கல் ஒரு மாதத்துக்குள் சாமியாகிவிட்டது.

வாட்ச்மேனைப் பிடித்தேன். அவர் அந்த ஊர்க்காரர்.

"யாருண்ணே இதெல்லாம் செஞ்சது?"

"யாரு செஞ்சா என்ன சார், நல்லதுதான நடந்திருக்கு. காலேசுக்கு ஒரு தொணை வேணும்ல."

"இது லைட்டுக் கம்பத்துக்கு வச்ச கல்லுண்ணே."

"லைட்டும் வெளிச்சந்தான, சாமியும் வெளிச்சந்தான" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைக்க மண்டபத்தை விட்டுத் தள்ளிப் போனார். அந்தத் தள்ளிப் போதல்தான் எனக்கு முதல் எச்சரிக்கை. அவர் பேச்சைவிட அது தெளிவாக இருந்தது.

வார்டன் எங்கள் ஆபீசுக்கு வந்தான். பாத்திரக் கடைப் படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

"டீ சொல்லு மாப்ள. உன் மண்டபம் ரொம்ப நல்லாருக்கு. அச்சு அசலு எங்க ஊருக் கோயிலு மாதிரியே இருக்கு."

"அப்படியா?" என்று நான் இளித்தேன்.

"ஆமா. அங்கயும் நாங்க வெளியதான் நிப்போம்."

கீழே பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் யாருடைய பேரையோ வெட்டிக்கொண்டிருந்தார். டீ வந்தது. நான் அதைத் தொடவில்லை.

"யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எவன் சொல்லுவான்? சொன்னாத்தான் கேஸு போடலாமே. பயலுக ஏறுனா வாட்ச்மேன் பாக்குறாரு. நான் போய்க் கேட்டேன். 'நான் ஒண்ணும் சொல்லலையே சார், சும்மா பாத்தேன்'ங்கிறாரு. சும்மா பாத்ததுக்கே எல்லாப் பயலும் எறங்கிட்டான். திரும்பப் பம்புசெட்டுக்கே போயிட்டானுக. முன்னாடி அது அவனுகளாப் பாத்துக்கிட்ட இடம். இப்ப அது அவனுகள ஒதுக்கி வச்ச இடம். உனக்கு வித்தியாசம் புரியுதா?"

"புரியுது."

"எடம் கேட்டேன் மாப்ள, நீ கருவறை கட்டிக் குடுத்திருக்க."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

அன்றிலிருந்து நான் மனுஷனாக இல்லை. பயத்தில் ஒருவன் எத்தனை முட்டாள்தனம் செய்யலாம் என்று யாராவது எக்ஸிபிஷன் போட்டால், ஒரு ஸ்டால் முழுக்க என்னுடையதாக இருக்கும். முதலில் ஒரு போர்டு எழுதி வைத்தேன்: 'இது மாணவர் கூடம். செருப்புடன் வரலாம்.' பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்து அந்தப் போர்டைப் படித்தார்கள். இரண்டு நாளில் போர்டுக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள்.

கப்பலூருக்கு ஓடினேன். கம்பம் வந்து நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, அழாத குறையாகக் கெஞ்சி, கம்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கொத்தனார் கம்பத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல துளை போடணுமா?"

"ஆமாண்ணே. நாலு துளை, போல்ட்டுக்கு."

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு சார்" என்றார். கருவிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு, "வாரேன்" என்று போய்விட்டார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று பியூசியிலேயே அறிவித்தவன் நான். எங்கள் வீட்டில் அதற்காக ஒரு வாரம் எனக்குக் காபி கிடைக்காமல் போயிருக்கிறது. ஒரு மத்தியான வேளை, வகுப்புகள் நடந்துகொண்டிருந்தபோது, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தேன். நடையில் அப்படி ஒரு வீரம். விறுவிறுவென்று போய்க் கல்லின் முன்னால் நின்று உளியை வைத்தேன். உள்ளங்காலில் ஏதோ சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். வெறுங்கால். திரும்பிப் பார்த்தேன். முதல் படிக்குக் கீழே என் செருப்புகள் ஜோடியாக, ஒழுங்காக, வாசலைப் பார்த்தபடி கிடந்தன.

எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கேயே கல்மேடையில் உட்கார்ந்துவிட்டேன். நம்பிக்கை இல்லாதவனின் காலையே அந்தப் படி கேட்க வைத்துவிட்டது. அப்படியென்றால் புல் அறுக்கிறவர்கள் மேலும் வாட்ச்மேன் மேலும் நான் என்ன குற்றம் சொல்ல முடியும்? மூன்று படி, கல்தூண், தலைக்கு மேல் கல், நடுவில் வானம், வானத்துக்குக் கீழே உருண்டைத் தலையோடு ஒரு கல். பிறந்ததிலிருந்து எங்கள் உடம்புகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். 'கழற்று' என்று சிலருக்கு. 'நில், ஏறாதே' என்று சிலருக்கு. இரண்டையும் ஒரே கல்லில் எழுதியிருக்கிறேன். கட்டடத்தால் ஆகாதது என்ன இருக்கிறது!

இதற்கிடையில் தாளாளர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"தானா வந்து உக்காந்திருக்காரு தம்பி. நாம கூப்பிடல, தானா வந்திருக்காரு. பிள்ளையார்னு ஐயர் சொல்லிட்டாரு. தை மாசம் கும்பாபிஷேகம் வச்சிருவோம். அந்தச் சதுரத்துக்கு மேல சின்னதா ஒரு விமானம், சுத்திலும் இரும்புக் கிராதி, ஒரு கேட்டு, ஒரு பூட்டு. வரைஞ்சு குடுங்க."

சார் ஃபேனைத் தாளாளர் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவு பெரிய மரியாதையை நான் அந்த ஆபீசில் அதுவரை பார்த்ததில்லை.

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் தயாராக இருந்தது. இது பிள்ளைகள் உட்கார்கிற இடம், எல்லாப் பிள்ளைகளும், கிராதி போட்டுப் பூட்டினால் இதைக் கட்டியதற்கே அர்த்தம் இல்லை. வாயைத் திறந்தேன்.

"விமானத்துக்கு ஒரு கலசமா, மூணா சார்?" என்று கேட்டது என் வாய்.

"ஒண்ணு போதும் தம்பி" என்றார் அவர்.

பின்னால் போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே என் தலையில் அடித்துக்கொண்டேன். சார் வெளியே நின்று, "என்னப்பா, கணக்குப் போடுறியா?" என்று கேட்டார்.

வார்டனிடம் போய்ச் சொன்னேன். ஆஸ்டல் வராந்தாவில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். கும்பாபிஷேகம், கிராதி, பூட்டு என்று நான் அடுக்க அடுக்க அவன் பேனாவை மூடினான்.

"பூட்டு வந்துட்டா முடிஞ்சது மாப்ள. அப்புறம் அம்புட்டுத்தான். பேரனுக்குப் பேரன் வரைக்கும் வெளிய நின்னு கும்பிட வேண்டியதுதான்."

"நான் வேற என்ன செய்யட்டும்? சொல்லு, செய்யுறேன். என்னைக் கல்லை உடைக்க மட்டும் சொல்லாத. அதுக்கு என் கால் ஒத்துக்கலை."

உள்ளே மெஸ்ஸில் தட்டுகள் உருண்டுகொண்டிருந்தன. அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தான்.

"மெஸ்ஸுக் கூரை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ், இன்னும் பத்து வருஷம் வரும்."

"வராது" என்றான் அவன். "நீ ஆர்க்கிடெக்ட். நல்லாப் பாரு."

நான் நல்லாப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அந்தக் கூரை மிக மோசமான நிலைக்குப் போய்விட்டது. மறுநாள் ஆபீஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: மெஸ் கூரை உடனே மாற்றப்பட வேண்டும், வேலை முடியும் வரை மாணவர்கள் உள்ளே அமரக்கூடாது, அருகில் உள்ள மாணவர் கூடத்தில் உணவு பரிமாறலாம். என் தொழில் வாழ்க்கையில் துணிச்சலாகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டலில் ஆட்டுக்கறி. பெரிய சட்டியைக் கம்பில் கோத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பையன்கள் தட்டோடு வந்து முதல் படிக்கு முன்னால் நின்றார்கள். ஒருவனும் ஏறவில்லை. வார்டன் முதலில் ஏறினான். செருப்போடு ஏறினான். மேடையில் போய் உட்கார்ந்து, தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "குழம்பு ஆறுதுடா" என்றான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதிக்கு மேல் கறி சாப்பிடுகிற சாமிகள்! இதைப் படையல் என்று எடுத்துக்கொண்டால்? பிள்ளையார் போய், கிடா கேட்கிற காவல் சாமி வந்து உட்கார்ந்துகொண்டால்? நினைத்து முடிப்பதற்குள் வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கு விடைத்தது.

"என்ன சார், படையலா?"

"சாப்பாடுண்ணே. மெஸ்ஸு ரிப்பேரு."

"யாரு சாப்புடுறது?" என்று எட்டிப் பார்த்தார். பார்த்தார். "அவுகளா?" என்றார். அவ்வளவுதான். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார், அவசரம் இல்லாமல்.

இனி ஊர் திரண்டு வரும் என்று நான் முடிவு செய்தேன். கம்பு வரும், அரிவாள் வரும், தாளாளர் காரில் வருவார், நாளைக்குப் பேப்பரில் வரும், எங்கள் அம்மா படிப்பார். எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் உடம்பு முழுதும் மறையும் என்று பார்த்தேன். தூண்களை மெல்லியதாக வரைந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். வார்டன் பேசாமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

யாரும் வரவில்லை.

சாயங்காலம் வரை நின்றேன், வரவில்லை. மறுநாளும் இல்லை. வந்த வெள்ளிக்கிழமை கல்லில் புது மஞ்சள் இல்லை. அகல் காய்ந்து கிடந்தது. புல் அறுக்கிற பெண்கள் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போனார்கள். காம்பவுண்டுக்கு வெளியே, ஓடைக்கரைப் பக்கம், வேறு ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருப்பதாகச் சொன்னார்கள். தாளாளர் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த விமானம் வேண்டாம் தம்பி. அந்த இடம் சரிப்படாது."

"ஏன் சார்?"

"சரிப்படாதுன்னு ஐயர் சொல்லிட்டாரு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியே கீழே கடை வாசலில் அடுக்கியிருந்த குடங்களைப் பார்த்துச் சொன்னார். சார் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். போகும்போதே பார்த்தேன், கொத்தனார் மண்டபத்தில் உட்கார்ந்து அதே கல்லில் துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவே இல்லை. "இப்பப் போடலாம் சார், ஒண்ணுமில்ல" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். படியேறி வார்டன் அறைக்குப் போகும் வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். பிரிக்கவில்லை.

"எதுக்கு இது?"

"என்ன மாப்ள இப்படிக் கேக்குற? இடம் கிடைச்சிருச்சு!"

"எப்படிக் கெடச்சுது?"

நான் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

"சொல்லு. எப்படிக் கெடச்சுது? நம்ம சண்ட போட்டமா, கோர்ட்டுக்குப் போனமா? எங்க பயலுக ஒருவேளைச் சோறு தின்னாங்க. அம்புட்டுத்தான். அதுக்கே சாமி எந்திரிச்சுப் போயிருச்சு. கறி தின்னதால போகல மாப்ள. அவுக சாமியும் கறி திங்கிற சாமிதான். நாங்க தின்னதால போச்சு." பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். "இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன், கூரையப் பாருன்னு. ஆனா தெரிஞ்சு செய்யுறது வேற, நடந்த பெறகு பாக்குறது வேற."

"பையன்களுக்கு...?"

"தெரியாம இருக்குமா? நேத்து ஒரு பய வந்து கேக்குறான். 'சார், அடுத்த ஞாயித்துக்கிழமை வேற எதுவும் கோயிலு காலி பண்ணணுமா?'ன்னு. எல்லாப் பயலும் சிரிக்கிறானுக. நானும் சிரிச்சேன். ராத்திரி சோறு எறங்கல."

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு ஆஸ்டல் பையன்கள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். செருப்போடு ஏறினார்கள், சீட்டு ஆடினார்கள், படித்தார்கள், மல்லாந்து படுத்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. வேப்பமரத்தடி வேப்பமரத்தடியாகவே இருந்தது. சைக்கிள் ஷெட் சைக்கிள் ஷெட்டாகவே இருந்தது. பம்புசெட் நிழலுக்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிய நிழலை நான் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் நடந்தது. எனக்கு மறுபடி பதற்றம் பிடித்துக்கொண்டது. கேரம் போர்டு வாங்கிப் போடலாமா, ரேடியோ வைத்துக் கிரிக்கெட் போடலாமா, கேன்டீனை இங்கே மாற்றலாமா என்று தினம் ஒரு திட்டத்தோடு வார்டனிடம் ஓடினேன்.

"யாரையும் கூப்பிடாத" என்றான் அவன். "கூப்பிட்டா அது விருந்து. விருந்துக்கு ஒருநா வந்துட்டுப் போயிருவானுக, பேப்பர்ல போட்டோவும் வரும். கால் வலிச்சு, போக்கிடம் இல்லாம, தானா வந்து உக்காரணும். அப்பத்தான் அது எடம்."

ஐப்பசியில் ஒருநாள் நானும் அவனும் மண்டபத்தில் நின்று, தளத்தில் விழுந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லூரி விடுகிற நேரம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கொட்டியது. வாசலுக்குப் பாதி வழி போயிருந்த பையன்கள் திரும்பி ஓடி வந்தார்கள். அதைவிடக் கிட்டத்தில் ஒதுங்க வேறு கூரை இல்லை. நான் நடுவில் வரைந்ததன் புண்ணியம். டவுன் பையன்கள், சைக்கிள் பையன்கள், துப்பட்டாவையும் தாவணியையும் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள், எல்லாரும் மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி உள்ளே வந்தார்கள். செருப்பைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. கல்தளம் முழுக்கச் செம்மண் சேறு.

மேடையில் உட்கார்ந்திருந்த ஆஸ்டல் பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் பக்கத்தில் இடம் விழுந்தது. இன்னொருவன் கொஞ்சம் நகர்ந்தான். மேடை நெடுக அங்கங்கே இடம் விழுந்தது. யாரும் யாரையும் 'உக்காரு' என்று சொல்லவில்லை.

வந்தவர்கள் நின்றார்கள். தலையைத் துவட்டினார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பார்த்தார்கள், மேடையை மட்டும் பார்க்கவில்லை. அந்த மேடையின் உயரம் எனக்குத் தெரியும். நின்று நின்று களைத்த ஒருவனின் முழங்கால் தானாக மடங்குகிற உயரம் அது. டிராயிங் போர்டில் அழித்து அழித்து வரைந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் போதும். ஒரு பெண் வலது காலிலிருந்து இடது காலுக்கு எடையை மாற்றினாள். டவுன் பையன் ஒருவன் தூணில் சாய்ந்தான். அவன் முதுகு ஒரு விரல்கடை கீழே இறங்கியது. இன்னும் ஒரு விரல்கடை. அவன் கை பின்னால் போய் மேடையைத் தடவியது.

வார்டனும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை நின்றுவிட்டது.

தூறல்கூட இல்லை, குழாயை மூடிய மாதிரி நின்றது. அந்த வானம் பார்த்த பூமியில் அது என்றைக்குக் கால் வலிக்கிற அளவுக்குப் பெய்திருக்கிறது? பையன் கையை எடுத்துப் பேன்டில் துடைத்துக்கொண்டான். "பஸ்ஸு வந்துரும்டா" என்று ஒரு குரல். எல்லாரும் இறங்கி ஓடினார்கள்.

நான் படியில் நின்று வானத்தைப் பார்த்து, எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னேன். வார்டன் ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தான்.

"உசிலம்பட்டி மழைய நம்பி பிளான் போட்ட மொத ஆளு நீதான் மாப்ள."

"இன்னும் கால் மணி நேரம்" என்றேன். "கால் மணி நேரம் பெஞ்சிருந்தா உக்காந்திருப்பான். நான் பார்த்தேன்."

"நானும் பாத்தேன்" என்றான் அவன். அவன் சிரிப்பு நின்றிருந்தது. மேற்கே இன்னொரு மேகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். இல்லை.